கொல்லைப் பிரதியில் ஆறு கையெழுத்துகள்

1

சென்ற ஜூலை 11, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு என் மனைவி மங்களம் சங்கக் கட்டிடத்திலிருந்து வீடு திரும்பினாள். கோலாலம்பூரில் அந்த வேளையில் பெரும்பாலும் மழை கொட்டும். அன்று இல்லை. என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு எதிரே ‘மழை இல்லை’ என்பதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். மற்றது அதற்குக் கீழே.

யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்து வைத்தியம் பார்க்கும் லேடி டாக்டர் ஒருவர், மணமான பெண்களுக்கு மட்டும் அன்று ஒரு பிரசங்கம் செய்தார். ஆண்கள் வாசல்படியைத் தாண்டக் கூடாது. மங்களம் பக்கத்து வீட்டு அம்மாளோடு போயிருந்தாள். வந்ததும் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு என் நாற்காலிக்கு எதிரே நின்றாள்.

“ஏன்னா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கப்படாது.”

“சொல்லு.”

“அந்த டாக்டரம்மா பேசற தமிழ் நேக்குப் பாதிக்குமேல புரியல்லே. ஆனா ஒண்ணு நன்னாப் புரிஞ்சுது. கரு தங்கறதே மாசத்துக்கு நடுவிலே இருக்கற நாள்லதானாம். நீங்க அந்தக் காலத்துல பத்திரிகையிலே எழுதினதுக்கு நேர் எதிர்.”

“தெரியும்” என்றேன்.

“எப்போலேர்ந்து தெரியும்?”

“மூணு வருஷமா.”

“உங்க அக்காவுக்கு எழுதினேளா?”

நான் நாட்குறிப்பைக் கையில் எடுத்தேன். அவள் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை வைத்த சத்தத்திலேயே அவள் சொல்ல நினைத்த மற்றதெல்லாம் வந்துவிட்டது.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு இம்மாதம் மலாய் நாட்டு மழையைப் பற்றியும், இங்கே நம்மவர் நடத்தும் பள்ளிக்கூடங்களைப் பற்றியும் எழுதுவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆறு வருஷங்களுக்கு முன் மயிலாப்பூரில் நான் ஒரு தப்பான வாக்கியத்தை எழுதினேன். அது அச்சானது. அதை நம்பியதால் ஒரு பெண்ணின் உயிர் போய்விடும் நிலைக்கு வந்தது. அவள் என் கூடப் பிறந்தவள். அந்த வாக்கியம் தவறு என்று இன்றுவரை ஒரு வரிகூட அச்சாகவில்லை. இந்தக் குறிப்புகளை அதற்காகவே எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், தேதிகளை மாற்றவில்லை.

2

அப்போது நான் பகலில் ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. மாலையில் மயிலாப்பூர்க் குளத்துக்குக் கிழக்கே ஒரு சந்தில் நடந்த மாதப் பத்திரிகை ஒன்றில் சம்பளமில்லாத உதவி ஆசிரியன். புரூப் திருத்துவது, வெளியூர்ச் சந்தாதாரர்களின் விலாசங்களை உறையில் எழுதுவது, இடம் காலியானால் அதை நிரப்புவது, இவை என் வேலைகள். இடம் நிரப்புவதற்காகத்தான் நான் சாஸ்திரக் கட்டுரைகள் எழுத ஆரம்பித்தேன். கிரகணம், மின்னல், மூட்டைப்பூச்சி என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஆசிரியர், “ஸ்திரீகளுக்குப் பிரயோஜனமா தேகவியல் எழுதேன், நாணு. அவாளும் சந்தாதான் கட்டறா” என்றார். ஆண்பிள்ளை எழுதினால் நன்றாயிராது என்று ‘ஒரு சகோதரி’ என்று கையெழுத்துப் போடச் சொன்னதும் அவர்தான்.

எனக்கு ஆதாரமாக இருந்தது மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இங்கிலீஷ் குடும்ப வைத்தியப் புத்தகம் ஒன்று. நல்ல தடிமன், தோல் அட்டை, முதல் இரண்டு தாள்கள் கிழிந்து போயிருந்தன. எந்தப் புத்தகம் வாங்கினாலும் உள்ளட்டையில் தேதி எழுதுவது என் வழக்கம். இதிலும் ‘14-2-1931, சனிக்கிழமை’ என்று எழுதினேன். எட்டு மாத காலம் அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் பட்ட ஒரே தேதி அதுதான். பார்த்துப் பார்த்து, புத்தகமே அந்த வருஷத்தது போல ஓர் எண்ணம் எனக்குள் தங்கிவிட்டது. அது அச்சானது எந்த வருஷம் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டுப் பூனை குட்டி போட்ட தேதியைக்கூட எழுதிவைக்கிறவன் நான்.

1931 ஆவணி இதழில் கட்டுரை வந்தது. மாதவிலக்கு ஏன் உண்டாகிறது, கருப்பை எப்படியிருக்கும், அந்த மூன்று நாட்களும் ஏன் ஓய்வு வேண்டும் என்றெல்லாம் எழுதியிருந்தேன். கடைசிப் பத்தியில், ‘விலக்குக்கு அடுத்து முன்னும் பின்னும் உள்ள நாட்களில்தான் கரு தங்கும். மாதத்தின் நடு நாட்களில் அந்தப் பயமில்லை’ என்று இருந்தது. புத்தகத்தில் இருந்ததை ஒரு சொல் விடாமல் தமிழாக்கியிருந்தேன்.

கட்டுரையோடு கருப்பையின் படமும் உண்டு. அச்சுக் கோத்தவர் சாந்தோம் பக்கத்துச் சவரிமுத்து. படத்தின் பிளாக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“சார், இத்த எப்டி வைக்கிறது? எது மேல, எது கீய?”

“கொம்பு மாதிரி இருக்கிறது மேலே வரணும்.”

“கொம்பா? ஆட்டுத்தலைன்னு சொல்லுங்க. மாட்டுப் பொங்கலுக்குப் போடற படம்னு நெனச்சேன்.” விஷயத்தைச் சொன்னேன். அவர் படத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். “ஆறு புள்ள பெத்துக்கினா எம் பொஞ்சாதி. இப்டித்தான் கீதுன்னு எனக்குத் தெரியாது, பாரு சார்” என்றார்.

இத்தனை பேசியும் அச்சில் படம் தலைகீழாகவே வந்தது.

3

அந்தக் கட்டுரைக்கு முப்பத்தேழு கடிதங்கள் வந்தன. மூட்டைப்பூச்சிக்கு நான்கு வந்திருந்தன. வந்த தேதியை மேலே போட்டு ஒரு நூலில் கோத்து வைத்திருந்தேன்.

பெண்கள் பெயரில் வந்தவை மூன்றே மூன்று. மற்றவை தகப்பனார்கள், கணவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எழுதியவை. குளத்தங்கரை வக்கீல் ஒருவர், பத்திரிகை ஊஞ்சல் பலகையில் கிடந்தபோது தம் மருமகள் அதை எடுத்துப் படித்ததாகவும், இனிமேல் பத்திரிகை வேண்டாம் என்றும் எழுதினார். சந்தா தீரும்வரை வரத்தானே செய்யும்? அதனால் வருகிற இதழ்களில் இப்படிப்பட்ட பக்கங்கள் இருந்தால் அவற்றைச் சோற்றுப் பசை போட்டு ஒட்டிவிட்டே உள்ளே விடப்போவதாகவும் தெரிவித்திருந்தார். ஆவணி இதழை அப்படித்தான் செய்திருந்தார். அந்த மருமகள் இட்டிலிப் பானை ஆவியில் பக்கங்களைக் காட்டி, கிழியாமல் பிரித்துப் படித்துவிட்டுத் திரும்பவும் ஒட்டி வைத்தாள் என்பது மங்களத்துக்கு அப்போதே தெரியும். எனக்கு இங்கே வந்த பிறகுதான் சொன்னாள்.

அடையாற்றிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் நிதானமான கடிதம் எழுதினார். விஷயத்தில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. இங்கிலீஷில் எழுதியிருந்தால் இதில் ஆபாசம் சிறிதும் இல்லை. தமிழில் எழுதியதால் எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது என்பதே அவருடைய வருத்தம். இதைப் படித்துவிட்டு ஆசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சாந்தோம் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு கார்டு போட்டிருந்தார். ‘என் வகுப்புப் பெண்கள் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. தயவுசெய்து மேலும் எழுதவும். படத்தை நேராகப் போடவும்.’

இத்தனை கடிதங்களில் ஒன்றாவது கட்டுரையில் சொன்னது சரியா தவறா என்று கேட்கவில்லை. சொல்லலாமா கூடாதா என்பதே பேச்சு. வசவுகளைக் கட்டுரைக்குக் கிடைத்த வெற்றியாக எடுத்துக்கொள்ளும் வயது எனக்கு. முப்பது முடிந்திருந்தது.

4

இங்கே எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸில், வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்று. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, சமையலிடம், குழாயடி. கொல்லை என்று ஒன்று கிடையாது. 1933 பிப்ரவரியில் வந்து இறங்கிய முதல் மாதமே மங்களத்துக்கு அந்த மூன்று நாட்கள் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை போட்டுப் பார்த்தாள். ஒதுங்க இடமில்லாமல் கக்கூஸ் வாளி எடுக்க வரும் சீனன் அவளைத் தாண்டித் தாண்டிப் போனான். சமையலுக்கு வேறு ஆள் இல்லாமல் நானே சோறு வடித்து, அதைக் குழைத்து, கையையும் சுட்டுக்கொண்டேன். நாலாவது மாதம், “இந்த ஊர்லே பகவான் கண்ணை மூடிண்டுடட்டும்” என்று சொல்லிவிட்டு அவளே அடுப்பங்கரைக்குள் போனாள். மயிலாப்பூருக்கு எழுதும் கடிதங்களில் இதைப் பற்றி ஒன்றும் இருக்காது.

எங்கள் பெண் வசந்தா சென்ற வருஷம் பெரியவளானாள். ஊரில் என்றால் நாலு நாள் தனியே உட்கார்த்தி, புட்டு சுற்றி, பாட்டுப் பாடியிருப்பார்கள். இவள் மூன்றாம் நாள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனாள். பரீட்சையாம். பள்ளியில் உடல்நலப் பாரம் ஒன்று கொடுத்தனுப்பினார்கள். அதில் தகப்பன் கையெழுத்திட வேண்டும். பிறந்த தேதி, அம்மை குத்திய தேதி, பல் பார்த்த தேதி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. தேதிகளை மகிழ்ச்சியோடு நிரப்பிக்கொண்டு வந்தவன், பெரியவளான தேதி கேட்ட கட்டத்தில் நின்றுவிட்டேன். எட்டிப் பார்த்த வசந்தா, “அதுவா? ஏப்ரல் இருபத்தொண்ணு, அப்பா. ஏன் எழுதல்லே? சீக்கிரம் போடுங்கோ, நான் மிஸ்கிட்டே குடுத்துட்டு பாலிக் வரணும்” என்றாள். வீடு திரும்புவதை இங்கத்துப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு தகப்பனிடம் இதைச் சொல்கிறோமே என்ற கூச்சம் அவள் முகத்தில் துளியும் இல்லை. நான் ஏப்ரல் 21 என்று எழுதினேன்.

அந்தக் கூச்சமின்மை ஆறு வருஷங்களுக்கு முன் எனக்கு இல்லாததால் என்ன ஆயிற்று என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

5

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்கள் அதைக் கவனித்ததில்லை. வீட்டு விலக்காகிக் கொல்லை அறையில் இருப்பவளிடம் படிக்க ஏதாவது கொடுத்தால், அது திரும்ப வீட்டுக்குள் வராது. ஆகவே ஒவ்வொரு மாதப் பத்திரிகையிலும் ஒரு பிரதி கொல்லைக்கென்றே போய்விடும். அங்கேயே மாடத்தில் கிடக்கும். அடுத்த வீட்டில் யாராவது ஒதுங்கினால் மதில்மேல் நீளும். இப்படி ஒரு பிரதி தெருவிலுள்ள கொல்லைகளையெல்லாம் சுற்றிவரும். அதைக் கொல்லைப் பிரதி என்றே சொல்வார்கள்.

1931 அக்டோபர் 24, சனிக்கிழமை. அரை வருஷத்து இதழ்களைச் சேர்த்துப் பைண்டு செய்ய உட்கார்ந்தேன். ஆவணி இதழைக் காணோம். ஆபீசில் இருந்த பிரதிகளும் விற்றுப்போய்விட்டன.

“ஆவணி எங்கே?” என்று கேட்டேன்.

“கொல்லையிலே இருக்கு. அது வேண்டாம்” என்றாள் மங்களம்.

“ஏன் வேண்டாம்?”

“அது கொல்லைப் பிரதின்னா. தொடாதீங்கோ. தொட்டா ஸ்நானம் பண்ணணும்.”

“பண்றேன்.”

“அதுக்கில்லே...” என்று இழுத்தாள். அதற்குள் நான் மாடத்திலிருந்து அதை எடுத்துவிட்டேன்.

என் கட்டுரை இருந்த பக்கங்களின் ஓரமெல்லாம் பென்சில். ஒரே ஆள் எழுதியதல்ல, ஆறு கையெழுத்துகள். அன்று மாலையே அவற்றை என் நாட்குறிப்பில் பிரதி எடுத்துக்கொண்டேன். அதிலிருந்தே இங்கே தருகிறேன்.

மூன்று நாளும் ஓய்வு வேண்டும் என்ற இடத்தில்: ‘ஓய்வாம்! வரட்டி தட்டினது யார்?’

படத்துக்கு அடியில்: ‘தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். அப்போதும் என்னுடையதுதானா என்று தெரியவில்லை.’

கையெழுத்துக்குப் பக்கத்தில்: ‘இதை எழுதினவள் பெண்ணில்லை.’

இன்னொன்று, மிகச் சிறிய எழுத்தில்: ‘பெண்ணாகவே பிறந்தால் அது யார் குற்றம் என்று இந்தச் சகோதரி எழுதுவாளா?’

கடைசிப் பத்தியின் ஓரத்தில்: ‘குளித்ததிலிருந்து பதினாறாம் நாள் வரை என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, இவளுக்கு யாரும் சொல்லவில்லையா?’

அதற்கும் கீழே: ‘நடு நாட்களில் பயமில்லை என்பது தவறு. எனக்கு நான்கும் நடு நாட்களில் வந்தவை. என்னிடம் தேதி இருக்கிறது.’

ஆறாவது கையெழுத்து எனக்குத் தெரியும். நாலாம் வகுப்பில் என் கட்டுரைகளை எழுதிக் கொடுத்த கை அது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த என் அக்கா ஜானகி.

அக்காவுக்கு நான்கு குழந்தைகள். நான்காவது பிரசவத்தில் ஜன்னி கண்டு, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். ‘இன்னொரு பிரசவம் இந்த அம்மாளின் உயிருக்கு ஆபத்து’ என்று லேடி டாக்டர் அத்திம்பேரிடம் நேராகவே சொல்லியிருந்தார். குடும்பத்தில் எல்லாருக்கும் இது தெரியும்.

இரண்டு வீடு தள்ளிப் போய், ‘அக்கா, உன் தேதிகளைக் காட்டு’ என்று கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு நா எழவில்லை. எங்கள் தெருவில் எந்தத் தம்பிக்கும் எழுந்திருக்காது. அக்காவுக்கும் என்னிடம் நேரில் சொல்ல வாயில்லை. அதனால்தான் ஓரத்தில் எழுதினாள். நானும் நேரில் பேசாமல் பத்திரிகையிலேயே பதில் சொன்னேன். கார்த்திகை இதழில், அதே ‘ஒரு சகோதரி’யின் பெயரில், ‘சில சகோதரிகள் தங்கள் வீட்டு அனுபவத்தைக் கொண்டு சந்தேகம் எழுப்புகிறார்கள். நாலைந்து வீட்டு அனுபவம் சாஸ்திரமாகாது’ என்று எழுதினேன். வாக்கியம் நன்றாக அமைந்திருக்கிறது என்று ஆசிரியர் பாராட்டினார்.

6

1932 தை மாதம் அக்கா குடும்பம் தியாகராய நகரில் புதிதாகக் கட்டிய சொந்த வீட்டுக்குக் குடிபோயிற்று. அப்போது அங்கே வீடுகளைவிட மனைக்கற்களே அதிகம். மார்ச் 6, ஞாயிறு, நான் மட்டும் பார்க்கப் போனேன். அத்திம்பேர் கிணற்றடியில் கொத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்வே ஆபீசில் வேலை. அளவு நாடாவை நம்புகிற மனிதர். என் கட்டுரைகளைப் படித்து ஆபீசில் சொல்லிப் பெருமைப்படுகிறவர்.

அக்கா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“உடம்பு சரியில்லையா, அக்கா?”

“மூணாம் மாசம்டா” என்றாள்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“கார்த்திகைப் பத்திரிகை வந்த அன்னிக்கு உங்க அத்திம்பேர் அதை எடுத்துண்டு வந்து நீட்டினார். ‘பார்டி, உன் தம்பி பதிலே போட்டிருக்கான். உன் கணக்கெல்லாம் சாஸ்திரம் இல்லையாம்’னார். காலண்டர்லே சிவப்புப் பென்சிலாலே வட்டம் போட்டார். நடுவிலே எட்டு நாள். நான் வேண்டாம்னேன். ‘அச்சுலே வந்திருக்கு, உனக்கென்னடி பயம்’னார்.”

“எழுதினது நான்தான்னு அவருக்கு...”

“அவருக்கு மட்டுமா? தெருவுக்கே தெரியும். சகோதரியாம்! வரட்டி தட்டாத சகோதரி.” ஒரு கணம் சிரிப்பு வந்தது அவளுக்கு. பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். பதினோரு வருஷம். மாதத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு குழந்தையும் கருவில் தங்கிய மாதத்தின் நடு நாளில் ஒரு சின்னப் புள்ளி.

“அப்பா நமக்கு ரெண்டு பேருக்கும்தானே நாட்குறிப்பு எழுதச் சொல்லிக் குடுத்தார்? நீ மழை எத்தனை அங்குலம்னு எழுதறே. கப்பல் என்னிக்கு வந்ததுன்னு எழுதறே. கிழிஞ்ச புஸ்தகத்தை நம்பினியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியோ?”

“கேட்டிருக்கணும்.”

“எப்படிக் கேப்பே? நானும் எப்படிச் சொல்வேன்? அதான் ஓரத்துலே எழுதினேன். நீ படிப்பேன்னு தெரியாது. படிச்சுட்டு இப்படிப் பதில் போடுவேன்னும் தெரியாது.”

கிணற்றடியிலிருந்து அத்திம்பேர் உள்ளே வந்தார். என் மடியிலிருந்த நோட்டைப் பார்த்தார். சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு மறுபடி வெளியே போனார்.

7

மறுநாளே ஆசிரியரிடம் திருத்தம் போட வேண்டும் என்றேன். எதைக்கொண்டு திருத்துவது என்று அவர் கேட்டார். இங்கிலீஷ் புத்தகம் ஒன்று சொல்கிறது, மயிலாப்பூர்ப் பெண்கள் இரண்டு பேர் வேறு சொல்கிறார்கள். பத்திரிகை யார் பக்கம் நிற்கும்?

“அதோடே, நாணு, திருத்தம் போட்டா எழுதினது சகோதரி இல்லே, நீன்னு பட்டவர்த்தனமாயிடும். ஏற்கெனவே ஆபாசம்னு நாலு பேர் கோர்ட்டுக்குப் போறேன்னு நிக்கறான். பேசாம இரு.”

பேசாமல் இருந்தேன். அவர்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. வேறு பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

செப்டம்பரில் அக்காவுக்குப் பெண் பிறந்தது. மறுபடி ஜன்னி. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் ஒன்பது நாட்கள் என் நாட்குறிப்பு காலியாக இருக்கிறது, மழைகூட எழுதவில்லை. பிழைத்தாள். ஆனால் அதற்குப் பிறகு அவளால் புதுவீட்டு மாடிப்படி ஏற முடியவில்லை. மொட்டை மாடியில் வடாம் பிழிய வேண்டும் என்றுதான் அந்த வீட்டையே அப்படிக் கட்டச் சொல்லியிருந்தாள். குழந்தைக்குப் பத்மா என்று பெயர் வைத்தார்கள்.

நான்கு மாதம் கழித்து, 1933 ஜனவரி 19, வியாழக்கிழமை, குடும்பத்தோடு கப்பல் ஏறினேன். இங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது என்பது உண்மைதான். தியாகராய நகரின் அந்தக் கூடத்தில் உட்கார முடியாமல் போனதும் உண்மை. பினாங்கில் பெட்டியைத் திறந்த அதிகாரி என் பைண்டு புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் படத்தில் விரல் வைத்து, இது எந்த நாடு என்று கேட்டார். எந்த நாடும் இல்லை என்றேன். அவருடைய ஜாபிதாவில் ‘வரைபடங்கள்’ என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

1934-இல் இங்குள்ள வாசகசாலைக்குப் புதிய வைத்திய நூல் ஒன்று வந்தது. இந்தத் தடவை முதல் வேலையாக அது அச்சான வருஷத்தைப் பார்த்தேன். பிறகு அந்த அத்தியாயத்தைப் படித்தேன். முன்பு டாக்டர்களே தலைகீழாக நினைத்திருந்ததாகவும், கரு முட்டை வெளிப்படுவது இரண்டு விலக்குகளுக்கு நடுவில் என்று அண்மையில்தான் தெளிவானதாகவும் அதில் இருந்தது. அக்காவின் நோட்டில் இருந்ததும் அதுதான். அவளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மழையைப் பற்றி எழுதி அனுப்பினேன். அப்படியே மூன்று வருஷம் போயிற்று.

8

மங்களம் பிரசங்கம் கேட்டு வந்த மறுநாள், ஜூலை 12 அன்று, எழுதினேன். டாக்டர்கள் சொல்வது இன்னது, உன் கணக்கு சரி, என்னுடையது தவறு, இதை வெளியிட நீ சம்மதிப்பாயா என்று கேட்டிருந்தேன். ஆகஸ்ட் 9-ஆம் தேதி பதில் வந்தது. இரண்டு பக்கம். அவள் பேசுவது போலவே எழுதுகிறவள். முக்கியமான பகுதியை அவள் அனுமதியோடு தருகிறேன்.

‘சிரஞ்சீவி நாணுவுக்கு ஆசீர்வாதம். உன் கடிதத்தை அத்திம்பேருக்கும் படித்துக் காட்டினேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மறுநாள் மாடி ரூம் கட்டிலை எனக்காகக் கீழே இறக்கச் சொன்னார். அஞ்சு வருஷமாத் தோணவில்லையா என்று கேட்டேன்.

‘கணக்கு சரி என்று டாக்டர்கள் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ நினைக்கிறாப்போல் நான் ஒன்றும் உன் பத்திரிகைத் திருத்தத்துக்காக உட்கார்ந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாற்பதாம் நாளிலிருந்து சொல்லிண்டுதான் இருக்கிறேன். நவராத்திரிக்கு வருகிறவர்களிடம், வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமத்துக்கு வருகிறவர்களிடம், சந்தை வண்டியில் பக்கத்தில் உட்காருகிறவளிடம். அந்த ஆவணிக் கட்டுரை தப்பு, நம்பாதே, நான் செத்துப் பிழைத்தேன் என்று. நம் பழைய தெருவில் எல்லா ஆத்துக்கும் சொல்லியாச்சு. மாம்பலத்தில் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் சொல்லியாச்சு. வக்கீலாத்து மருமகள் அடையாற்றுப் பக்கம் சொல்லிவிட்டாள். சாந்தோம் டீச்சரம்மாவுக்கு நானே கார்டு போட்டேன். மெட்ராஸில் இனி உன் திருத்தம் யாருக்கும் வேண்டியதில்லை.

‘விட்டுப்போனது வெளியூர்ச் சந்தாதாரர்கள்தான். அவர்களை எனக்குத் தெரியாது. உறையில் விலாசம் எழுதினவன் நீ. மன்னார்குடியிலோ தென்காசியிலோ எவள் உன் கட்டுரையை வெட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறாளோ! அவளுக்கு எழுது. என்னைப் பற்றியும் எழுதிக்கொள், எனக்கென்ன வெட்கம்? பத்மாவைப் பிழை என்று மட்டும் எழுதினாய், நேரே கப்பலேறி வந்து கையை முறிப்பேன். அவள் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள்.’

நான் உறை எழுதிய அந்தப் பத்திரிகை நின்றுபோய் மூன்று வருஷமாகிறது. அதன் சந்தாதாரர்களில் பலர் இந்தப் பத்திரிகையையும் வாங்கியவர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆகவே ஆசிரியர் அனுமதித்து இதை இங்கே அச்சிட வேண்டுகிறேன்.

மன்னார்குடி, தென்காசி, புதுக்கோட்டை, கொழும்பு, ரங்கூன் முதலிய இடங்களிலுள்ள பழைய சந்தாதாரர்களுக்கு:

1931 ஆவணி இதழில் ‘ஒரு சகோதரி’ எழுதியதாக வந்த தேகவியல் கட்டுரை நான் எழுதியது. மாதத்தின் நடு நாட்களில் கரு தங்காது என்று அதில் இருப்பது தவறு. கரு தங்கக்கூடியது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். கார்த்திகை இதழில் நான் எழுதிய பதிலும் தவறு. சந்தேகம் எழுப்பிய சகோதரிகள் சொன்னதே சரி. நாட்கணக்கு எவருக்கும் முழுக் காவல் அல்ல. இனிப் பிரசவம் ஆகாது என்று எச்சரிக்கப்பட்டவர்கள் கணக்கை நம்பாமல் டாக்டரைக் கேட்க வேண்டும். கட்டுரையை வெட்டி வைத்திருப்பவர்கள் அந்தத் தாளைக் கிழித்துப் போடவும். யாருக்காவது அதைப் படித்துக் காட்டியிருந்தால், இன்றே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லவும்.